நாலு ஐம்பத்தாறுக்கு மூடிய ஜன்னல்

மேற்கு ஜன்னல்,
கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடம்,
பெய்ன்டர் கிராசிங், மிசிசிப்பி
செப்டம்பர் 14, 1993

வெர்னெட்டா அக்காவுக்கு,

ஆட்லி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் படி. அப்பா விஷயமாக எழுதவில்லை. அதைப் பற்றி பிப்ரவரியில், கல்லறைத் தோட்டத்து வாசலில், பாதிரியாரை வைத்துக்கொண்டு நீ சொன்னதெல்லாம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "இனிமே எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா தபால்ல போடு" என்றாய். போட்டிருக்கிறேன்.

ஒரே தாழ்வாரத்தில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோர்ட் ஜன்னலில், எதிரே உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குத் தபாலில் கடிதம் போடுகிறவன் இந்த நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கீழே தபால் நிலையத்தில் லூதர் முகவரியைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இத உன் ஜன்னல்லேருந்து வீசினாலே அவங்க மடியில போய் விழுந்திருமே" என்றான். "ஸ்டாம்பு ஒட்டியாச்சுல்ல, முத்திரையக் குத்து" என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று லூவீனியா கேட்ஸ் என்ற அம்மா என் ஜன்னலுக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது. கோழித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் எலும்பு நீக்கிய கை. இப்போது இரண்டு கையிலும் விரல் மடங்காது. ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு அரசாங்கம் இல்லையென்று சொல்லிவிட, வக்கீல் வைக்க வழியில்லாமல் தானே மனு எழுதி உங்கள் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். கெடு அறுபது நாள். அறுபதாவது நாள் ஜூலை 30, வெள்ளிக்கிழமை. மனுவில் உன் ஜன்னல் முத்திரை ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. ஏன் தாமதம் என்று அக்டோபர் 12-ம் தேதி விளக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி என்று உங்கள் நீதிபதி ஹார்க்னஸ் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது இது: "நான் வெள்ளிக்கிழமையே வந்தேன் சார். ரெண்டு ஜன்னலுக்கும் வந்தேன். இங்க நீங்கதான இருந்தீங்க?"

நான்தான் இருந்தேன் அக்கா. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்லி


கிழக்கு ஜன்னல்,
பெய்ன்டர் கிராசிங், அலபாமா
செப்டம்பர் 18, 1993

ஆட்லி,

உன் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவே இருபத்தேழு அடி. உன் கடிதம் நூறு மைல் தள்ளியிருக்கிற பெரிய ஊருக்குப் போய், அங்கே பிரித்து, திரும்ப வந்து சேர நாலு நாள் ஆகியிருக்கிறது. அந்த நாலு நாளும் நீ எதிரே உட்கார்ந்து ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கடிதம் வந்த பிறகுதான் நீ ஏன் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று புரிந்தது.

என் ஜன்னல் மாலை ஐந்து மணிக்கு மூடும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அந்த அம்மா உன் ஜன்னலுக்கு வந்தார் என்கிறாய். வந்தவரிடம் காகிதத்தை வாங்காமல் அனுப்பியது யார்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் கவுன்ட்டரில் நடந்ததற்கு என் பெயரை இழுக்காதே.

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. அக்டோபர் எட்டாம் தேதி எனக்குத் தலைமைக் குமாஸ்தா பதவிக்கு நேர்காணல். இந்தக் கட்டடம் எழும்பி நூற்றேழு வருஷம் ஆகிறது. நம் கறுப்பு நிறத்தில் ஒருத்தரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்பா நாற்பத்தொரு வருஷம் அதைத் துடைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்பா விஷயமாக எழுதவில்லையாம். நான் எழுதுகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. நான் அட்லான்டாவில் பயிற்சிக்குப் போயிருந்த நாலு நாளில், ஒரு போன்கூடச் செய்யாமல், அப்பாவுக்கு மிசிசிப்பிப் பக்கம் குழி வெட்டிவிட்டாய். பயிற்சி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, விஷயம் கேள்விப்பட்டு ஓடிவரும்போது பெட்டி பாதி இறங்கியிருந்தது. இதை நான் மறந்தால்தானே உனக்கு அக்காவாகப் பேச முடியும்?

இனி எழுத வேண்டாம்.

வெர்னெட்டா


மேற்கு ஜன்னல்
செப்டம்பர் 22, 1993

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அடிப்பதென்றால் நேரில் வந்து அடி.

உன் கோபத்தில் பாதி நியாயம். தப்பு என் ஜன்னலில்தான் தொடங்கியது. அன்றைக்கு மணி நாலு ஐம்பது இருக்கும். அந்த அம்மா கைத்தடி ஊன்றி வந்து உறையை நீட்டினார். முகவரியைப் பார்த்தேன். "உங்க வீடு அலபாமாவுல இருக்கும்மா. இது மிசிசிப்பி கோர்ட். உங்களுது அந்தப் பக்கம்" என்று விரலை நீட்டினேன். எழுந்திருக்கவில்லை.

அப்பா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். தாழ்வாரத்தின் நடுவில் மாநில எல்லையாக ஓடுகிற அந்தப் பித்தளைக் கோட்டைத் திங்கட்கிழமை தவறாமல் பளபளவென்று தேய்த்தவர் அவர். அவரே சொல்வார்: "தப்பான பக்கம் வந்தவங்கள ஒத்தையில அனுப்பாதீங்கடா. கூடவே போய் விட்டுட்டு வாங்க. கோடு பாக்குறது ஜட்ஜ் வேலை, கதவத் தொறக்குறது நம்ம வேலை." அவர் ஓய்வு பெற்ற பிறகும் நாம் இரண்டு பேரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். என் பக்கம் வந்த உன் ஆட்களை நான் நடத்திக் கூட்டி வருவேன். நீ ஜன்னலில் எனக்கென்று ஒரு துண்டு கேக் வைத்திருப்பாய். பிப்ரவரியோடு அதெல்லாம் நின்றுபோனது. கோட்டைத் தாண்டினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நான் விரலோடு நிறுத்திக்கொண்டேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? நான் அந்த மனுவை வாங்கி என் முத்திரையைக் குத்தியிருந்தாலே போதும். தப்பான கோர்ட்டில் போட்ட வழக்கை நீதிபதி சரியான கோர்ட்டுக்கு மாற்றி அனுப்பலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேதி வெள்ளிக்கிழமையாகவே நின்றிருக்கும். அதிகார எல்லை இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கிற அதிகாரம் குமாஸ்தாவுக்குக் கிடையாது. எல்லாம் தெரிந்தும் விரலை நீட்டினேன்.

ஆகவே நான் பிரமாணப் பத்திரம் எழுதப் போகிறேன். என் ஜன்னலில் நடந்ததை மட்டும் எழுதுவேன். உன் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், நான் பார்த்தேன் அக்கா. அந்த அம்மா கோட்டைத் தாண்டிப் பாதி தூரம் போயிருக்கும்போது உன் திரை இறங்கியது. தாழ்வாரத்துக் கடிகாரத்தில் மணி நாலு ஐம்பத்தாறு.

ஆட்லி


கிழக்கு ஜன்னல்
செப்டம்பர் 25, 1993

ஆட்லி,

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

பார்த்தாயா? பார்த்திருந்தால் ஏன் அப்போதே கத்தவில்லை? "நெட்டா, திரையத் தூக்கு" என்று ஒரு வார்த்தை. இருபத்தேழு அடிக்கு உன் தொண்டை போதாதா?

சரி, என் பக்கத்தையும் கேட்டுக்கொள். நான் பார்த்தது அந்த அம்மாவை இல்லை. உன் விரலை. நாய்க்கு எலும்புத் துண்டு காட்டுகிற மாதிரி என் பக்கம் ஆட்டினாய். உன் வேலையை என் தலையில் தள்ளிவிட்டு நீ சீக்கிரம் கிளம்பப் பார்க்கிறாய் என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் கயிற்றை விட்டேன். திரை விழுந்தது. அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

கோட்டை நீ லேசாகப் பேசாதே. அது வெறும் பித்தளை இல்லை. முதலில் இங்கே கட்டடமே கிடையாது. பருத்திக்கொட்டைக் கிடங்கின் மாடியில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஒரே நீதிபதி, மரப்பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு மாநிலத்துக்கும் வழக்குக் கேட்டிருக்கிறார். அலபாமாவில் செய்த குற்றத்துக்கு அலபாமா மண்ணில்தான், அந்த ஊர் ஜூரி முன்னால்தான் விசாரணை நடக்க வேண்டும் என்று மேல்கோர்ட்டு நாலு தண்டனையை ரத்து செய்த பிறகுதான், எல்லைக் கோட்டின் மேலேயே இந்தக் கட்டடத்தை எழுப்பி ஆளுக்கு ஒரு கூடம் கொடுத்தார்கள். ஒரு மனுஷனை அவன் ஊரை விட்டு இழுத்துப்போய் எங்கோ வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகப் போட்ட கோடு அது.

அந்தக் கள்ளச் சாராயக்காரன் கதை ஞாபகமிருக்கிறதா? அலபாமாக் கூடத்திலிருந்து ஓடிவந்து கோட்டைத் தாண்டி உட்கார்ந்துகொண்டு, "இப்ப நான் மிசிசிப்பி, தொடுங்கடா பாப்போம்" என்றானாம். இரண்டு பக்கக் காவலர்களும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம். அப்பா சொல்லும்போது அம்மா மோரைச் சிந்திச் சிரிப்பாள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்த அம்மா வீட்டிலிருந்து கிழக்கு வாசலுக்கு ஏழு நிமிஷ நடை. அலபாமாக்காரர், அலபாமா வழக்கு. கைத்தடியோடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எதற்காக உன் வாசலுக்கு வர வேண்டும்? எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒருவேளை வெள்ளிக்கிழமை வந்ததையே பாதி கற்பனையாகச் சொல்கிறாரோ என்று அரசு வக்கீல் கேட்பார். நானும் கேட்கிறேன்.

எட்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கொள். அதற்குப் பிறகு யோசிப்போம்.

நெட்டா


மேற்கு ஜன்னல்
செப்டம்பர் 30, 1993

அக்காவுக்கு,

நெட்டா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஏழு மாதமாயிற்று அதைப் பார்த்து. நன்றி.

நீ கேட்டதை அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டு ஆள் வழக்குக்காரர் வீட்டுக்குப் போகலாமா என்று நீ முறைப்பது தெரிகிறது. வழக்கைப் பற்றிப் பேசவில்லை. வாசலைப் பற்றி மட்டும்தான். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். சோள ரொட்டியும் கீரையும். ரொட்டியை அவரால் பிய்க்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டுக்கு நடுவே வைத்து அழுத்தி உடைத்தார். அடுத்த ரொட்டியை நானே பிய்த்து அவர் தட்டில் வைத்தேன்.

"கிழக்கு வாசல் பக்கத்துலதானம்மா, ஏன் இவ்வளவு சுத்திக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச கதவு அதுதான் சார்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அறுபத்து நாலுல எனக்குப் பதினாலு வயசு. ஸ்கூல் கேஸு. வெள்ளைக்காரப் பசங்க ஸ்கூல்ல எங்களையும் சேக்கணும்னு பதினோரு பேரு பேர்ல போட்ட கேஸு. சாட்சி சொல்ற அன்னிக்குக் காலைல கிழக்குப் படி பூரா கூட்டம். கையில கட்டை, கல்லு. எங்கப்பா, திரும்பிப் போயிரலாம்னாரு. அப்ப துடைப்பத்தோட ஒருத்தர் சந்துல நின்னு கையக் காட்டினாரு. மேக்கு வாசலத் தொறந்து விட்டாரு. அது மிசிசிப்பிக் கதவு, எங்களுக்கு அங்க வேலையே இல்ல. தொறந்தது தெரிஞ்சா அவர் பொழப்புக்கே உலை. எங்க பதினோரு பேரையும் கையப் புடிச்சு அந்தப் பித்தளைக் கோடு வரைக்கும் கூட்டிட்டு வந்தாரு. 'இதுக்கு அந்தப் பக்கம் உங்க கோர்ட்டு. தாண்டுங்க கண்ணுங்களா, நான் பின்னாலயே வர்றேன்'னாரு. அன்னிலேருந்து எனக்குக் கோர்ட்டுன்னா அந்தக் கதவுதான் சார். டில்மன் ஐயா கதவு."

டில்மன் ஐயா. நம் அப்பா அக்கா. நீ அப்போது சிகாகோவில் இருந்தாய். நான் ஒரே வீட்டில் இருந்தேன், எனக்கே தெரியாது. அந்தக் கதவைத் திறந்துவிட்ட விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்று சாகும்வரை வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

நான் யாருடைய பிள்ளை என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லாமலே வந்துவிட்டேன். அவர் நம்பி வந்த கதவில் நான் உட்கார்ந்துகொண்டு விரலை நீட்டியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, நெட்டா.

நீ எட்டாம் தேதி வரை பொறு என்றாய். நான் பொறுக்கவில்லை. இன்று காலை என் பிரமாணப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டேன். உன் பெயர் அதில் இல்லை. நீ நிம்மதியாக நேர்காணலுக்குப் போ.

ஆட்லி


கிழக்கு ஜன்னல்
அக்டோபர் 4, 1993

ஆட்லி,

நிம்மதியாகப் போவதாம். நல்ல ஆசீர்வாதம்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கே கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். 1964-ம் வருஷப் பதிவேடு அட்டை பிய்ந்து, எலி கடித்துக் கிடந்தது. வழக்கைக் கண்டுபிடித்தேன். வாதிகள் பதினோரு பேர். ஏழாவது பெயர் லூவீனியா ஷீல்ட்ஸ் (கல்யாணத்துக்கு முந்தின பெயர்), வயது பதினாலு, தந்தை மூலம். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுப் பாவாடை பாழ்.

அந்த வழக்கின் தீர்ப்பால்தானே ஆட்லி, என்னைப் போன்றவளைக் குமாஸ்தா வேலைக்கு எடுக்கலாம் என்ற எண்ணமே இந்த ஊரில் சிலருக்கு வந்தது? அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறாமல் திரும்பிப் போயிருந்தால் நான் இன்றைக்கு எந்த ஜன்னலில் இருப்பேன்? அவர் என் ஜன்னலுக்கு வந்தபோது நான் செய்தது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். திரை இறங்கிய பிறகு அவர் கண்ணாடியைத் தட்டினார். மூன்று தடவை. விரல் மடங்காத கையல்லவா, தட்டின சத்தம் கூட வித்தியாசமாக, பலகையால் தட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குக் கேட்டது. நான் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் புருஷனிடம்கூட நான் சொல்லாத மாதிரிப் பொய் இது. "என் ஜன்னல் மாலை ஐந்து மணிக்கு மூடும்" என்று உனக்கு எழுதினேனே, எழுதும்போது காதில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

நேற்று ராபர்ட்டாவிடம் சொன்னேன். என் மகளைத் தெரியுமல்லவா, வாய் அப்படியே நம் அம்மா. "அந்த நாக்காலியில உக்காந்துக்கிட்டு அந்தத் தட்டுற சத்தத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பியாம்மா? ரிட்டையர் ஆகறதுக்குள்ள காது செவிடாயிரும்" என்றாள்.

ஏழாம் தேதி, நேர்காணலுக்கு முந்தின நாள், கொடுத்துவிடுகிறேன். பிறகு கொடுத்தால் அது பத்திரம் இல்லை, பித்தலாட்டம். எழுதி வைத்துவிட்டேன், நீயும் பார்: "ஜூலை 30 அன்று மாலை 4.56-க்கு, அலுவலக நேரம் முடியும் முன்பே, என் ஜன்னல் திரையை நான் இறக்கினேன். காரணம் என் தம்பியோடு எனக்கிருந்த சொந்தப் பகை. மனுதாரர் கண்ணாடியைத் தட்டினார். எனக்குக் கேட்டது."

கடைசி இரண்டு வார்த்தையை நாலு தடவை அடித்து நாலு தடவை திரும்ப எழுதினேன்.

பயமாக இருக்கிறது ஆட்லி.

நெட்டா


மேற்கு ஜன்னல்
அக்டோபர் 8, 1993

அக்காவுக்கு,

இன்று காலை நீ நேர்காணலுக்கு நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். கைகாட்டலாம் என்று எழுந்தேன். அதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்கு அப்புறம் தைரியம் வராது.

நீ உன் பத்திரத்தைக் கொடுத்துவிட்டாய். நான் பாக்கி வைத்திருக்கிற இன்னொன்றைக் கொடுக்கிறேன்.

பிப்ரவரியில் அப்பா போன அன்று, அம்மா இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குத்தான் முதலில் போனேன். மனைக்கான பழைய பத்திரம் கிடைக்கவில்லை, கமிட்டி கூடி முடிவு செய்ய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஒரு வாரம் அப்பாவை ஐஸில் வைப்பதா? எனக்குத் தாங்கவில்லை. மிசிசிப்பிப் பக்கம் நம் பழைய சர்ச்சில் உடனே இடம் கொடுத்தார்கள். சரி என்றேன். பத்திரம் உன்னிடம்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. போனைக் கையில் எடுத்தேன். நீ ஏதாவது சொல்வாய், நான் ஏதாவது சொல்வேன், அழுவோம். அதற்குப் பயந்து போனை வைத்துவிட்டேன்.

புதைத்தது தப்பென்று நான் இன்னும் நினைக்கவில்லை. உன்னைக் கேட்காததுதான் தப்பு. யார் எந்தப் பக்கம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அப்பாவுக்கும் அப்படித்தான் செய்தேன், அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேன். எனக்கு அந்த அதிகாரம் இரண்டிலும் கிடையாது.

அப்பாவை மாற்ற வேண்டும் என்று நீ சொன்னால், எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். மன்னித்துவிடு அக்கா.

ஆட்லி


கிழக்கு ஜன்னல்
அக்டோபர் 15, 1993, வெள்ளிக்கிழமை

என் அருமைத் தம்பி ஆட்லிக்கு,

செவ்வாய்க்கிழமை விசாரணையில் நீ கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைப் பார்த்தேன். முடிந்ததும் ஓடிவிட்டாய். தீர்ப்பு இன்று காலைதான் வந்தது. முத்திரை குத்தியது நானே. அதனால் உனக்கு முதலில் சொல்கிற உரிமை எனக்குத்தான்.

வழக்கு பிழைத்தது. மனு ஜூலை 30-ம் தேதியே வந்ததாகக் கொள்ளப்படும். நம் இரண்டு பேர் பத்திரத்தையும் படித்த பிறகு அரசு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த மாதம் அந்த அம்மாவின் கையைப் பற்றிய வழக்கை, தேதியை வைத்து இல்லாமல் கையை வைத்தே கேட்கப்போகிறார்கள். ஜெயிப்பாரா தெரியாது. ஆனால் கேட்பார்கள்.

தீர்ப்பில் நமக்கும் மூன்று வரி இருக்கிறது. ஹார்க்னஸ் சிரிக்காமல் குத்துவார் என்று தெரியும்தானே. "இந்தத் தாழ்வாரத்தில் சட்டம் போட்ட எல்லை ஒன்றுதான். இரண்டாவதாக ஒன்றை ஊழியர்கள் இருவர் தாங்களாகப் போட்டிருக்கிறார்கள். அது இன்றோடு நீக்கப்படுகிறது." இரண்டு பேருக்கும் பணிப் பதிவேட்டில் கண்டனக் கடிதம் உண்டு. உன்னுடையது உங்கள் பக்கத்து நீதிபதி மூலம் வரும். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வை.

நேர்காணலில் நானே முதலில் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். நடுவில் இருந்தவர், "இத நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார். "எனக்குத் தெரியுமே சார்" என்றேன். போய்விட்டது என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். நேற்றுக் கடிதம் வந்தது. இரண்டாவது சுற்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்களாம். கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் திரையைத் தூக்கி வைத்துக்கொண்டு இங்கேயே இருப்பேன்.

விசாரணை முடிந்ததும் அந்த அம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான பாத்தேன். டில்மன் ஐயாவுக்கும் தப்புப் பண்ணினா காது செவந்துரும்" என்றார். அவருக்கு வண்டி மேற்கு வாசலில் நின்றது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு நானே கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பக்கம் அன்றைக்குத்தான் கால் வைத்தேன். உன் ஜன்னலில் "சாப்பாட்டு நேரம்" என்று அட்டை தொங்கியது. தின்னிப்பயல்.

அப்பா அங்கேயே இருக்கட்டும். நாற்பத்தொரு வருஷம் இரண்டு பக்கத்தையும் துடைத்தவர். அம்மா இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் இருந்தால் கோடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லறையிலிருந்து கொஞ்சம் லில்லிக் கிழங்கு தோண்டி எடுத்துவருகிறேன். அப்பா தலைமாட்டில் நட வேண்டும். மண்வெட்டி நீ கொண்டுவா. கேக் நான் கொண்டுவருகிறேன்.

உன்னைக் கேட்காமல் இருந்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டாய். நானும் ஏழு மாதம் உன்னிடம் ஏனென்று கேட்கவில்லை. கணக்கு நேர்.

இந்தக் கடிதத்தில் ஸ்டாம்பு இல்லை என்று கவனித்திருப்பாய். லூதர் பிழைப்பில் மண். நாலு ஐம்பத்தேழுக்கு உன் ஜன்னலில் நானே நீட்டப் போகிறேன். மூடியிருந்தால் தட்டுவேன். கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அக்கா
நெட்டா

(கடிதத்தின் முதல் பக்க மூலையில், முத்திரையும் பேனா எழுத்தும்:)

பெறப்பட்டது. மேற்கு ஜன்னல், மிசிசிப்பி. அக்டோபர் 15, 1993, மாலை 4.57.
குறிப்பு: அலபாமாவிலிருந்து வந்தது, எங்கள் அதிகார எல்லைக்கு உட்பட்டதல்ல. ஆனாலும் வாங்கிக்கொண்டோம். கொண்டுவந்தவரைக் கோட்டைத் தாண்டிக் கூடவே போய் அவர் இடத்தில் விட்டேன்.
— ஆ. டில்மன்